தீக்குச்சியும் சர்டிபிகேட்டும்

சென்னைப் பட்டணத்தின் வடகோடிக்கு மெட்ரோ ரயிலில் போகிறவர்கள் "விம்கோ நகர்" என்ற அறிவிப்பைக் கேட்டிருப்பார்கள். விம்கோ என்பவர் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கவர்னர் என்று என் வகுப்பில் ஒரு பையன் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தான். கவர்னரும் அல்ல, கலெக்டரும் அல்ல. திருவொற்றியூரில் நெடுங்காலம் நடந்த தீப்பெட்டிக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியதால் கிடைத்த பெயர் அது. ஒரு பேட்டைக்குத் தீக்குச்சியின் ஞாபகார்த்தமாகப் பெயர் வைத்த ஊர் நமது ஊர்.

யோசித்துப் பார்த்தால், வடசென்னைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு பழையது. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டபோது பற்றி எரிந்தவை துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள். அந்தக் கப்பல் போய்விட்டது. ஆனால் "அவன் பெரிய எம்டன்" என்ற வசனம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. ராயபுரத்தில் பார்ஸி வகுப்பினர் 1910-இல் கட்டிய அக்கினி ஆலயத்தில் நெருப்பை அணையவிடாமல் பக்தியுடன் காத்து வருகிறார்கள். இந்தப் பக்கத்தில் வேளாவேளைக்குக் கவனித்துக்கொள்ளப்படும் நெருப்பு அது ஒன்றுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு. மற்ற நெருப்புக்களெல்லாம் கவனிப்பாரின்றி, எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்துக்கொண்டிருக்கின்றன.

மணலி விஷயத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுங்க இலாகாவினர் 2015-இல் கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், அங்கே ஒரு கிடங்கில் ஐந்து வருஷம் கிடந்தது. 2020 ஆகஸ்டு 4-ஆம் தேதி பேரூட் துறைமுகத்தில் அதே சரக்கு 2,750 டன் வெடித்து நகரத்தின் ஒரு பகுதியை நாசம் செய்தது. அதன் பிறகுதான் நம் ஊர்ச் சரக்கைப் பற்றி ஜனங்கள் வாய் திறந்து பேசினார்கள். சில தினங்களுக்குள் லாரிகள் வந்து அதை ஹைதராபாத்துக்கு ஏற்றிச் சென்றன. ஐந்து வருஷம் அசையாத பொருள் ஒரே வாரத்தில் அசைந்ததைப் பார்த்தபோது, ஆபத்தைக் கண்டு சொல்லும் நிபுணர்கள் நம் தேசத்தில் இல்லாமற் போகவில்லை, அவர்களை உரிய காலத்தில் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கம்தான் நமக்குப் போதவில்லை என்று புரிந்தது.

கூப்பிடுவது என்று தீர்மானித்த பிறகு வருகிறது அடுத்த சங்கடம். யாரைக் கூப்பிடுவது?

இந்தக் கேள்வி எனக்கு வந்த விதத்தைச் சொல்லுகிறேன். ராயபுரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் பதினாறு குடும்பங்கள். நாலு மாடி, ஒரே மாடிப்படி. "வாத்தியார் ஐயா எழுதப் படிக்கத் தெரிந்தவர்" என்ற ஒரே குற்றத்துக்காக என்னைச் சங்கத்தின் காரியதரிசியாக்கிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு கடை. காசிமேட்டுப் பைபர் படகுகளுக்கு வேண்டிய ரெஸின், தின்னர், நைலான் கயிறு, வலை எல்லாம் அங்கே கிடைக்கும். அந்த வாசனைக்கு நாங்கள் பழகிப் போயிருந்தோம். விருந்தாளிகள்தாம் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டின் 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதைத்தான் உயர்ந்த கட்டடம் என்று கணக்கிடுகின்றன. எங்களுடையது அந்த உயரத்துக்கு வராது. ஆகையால் எங்கள் கட்டடத்தைத் தேடிச் சர்க்கார் உத்தியோகஸ்தர் வந்து பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. வேண்டுமானால் நாங்களே ஒரு நிபுணரை அமர்த்திக்கொள்ள வேண்டியதுதான். ஆபீஸ்களில் 'ஃபயர் ஆடிட்டர்' என்கிறார்களே, அவரை. கணக்குப் பார்க்கும் ஆடிட்டரைப் போல இவர் கட்டடத்தின் தீ அபாயத்தைப் பார்த்துக் கணக்கெழுதிக் கொடுப்பவர்.

விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவர் ஒரு காசும் வேண்டாம் என்றார். கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தார். மாடிக்கு இரண்டு வீதம் எட்டுத் தீயணைக்கும் சிலிண்டர்கள் வாங்க வேண்டும் என்றும், தம்முடைய கம்பெனியிலேயே அவை மலிவாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். சிலிண்டர் வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயில் பிடித்த தீக்கும் மின்சாரத்தில் பிடித்த தீக்கும் தண்ணீரைக் கொண்டு போகக்கூடாது. துணிக்கும் காகிதத்துக்கும் தண்ணீரே உத்தமம். எண்ணெய்க்கு நுரை, மின்சாரத்துக்குக் கரியமில வாயு என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எந்த இடத்துக்கு எந்த மருந்து என்று அவர் கேட்கவே இல்லை. செருப்புக் கடைக்காரரிடம் போய்க் கால்வலிக்கு யோசனை கேட்டால் புதுச் செருப்பு வாங்கச் சொல்லாமல் வேறென்ன சொல்லுவார்?

இரண்டாமவர் வரவே இல்லை. கைபேசியில் பத்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மாலைக்குள் முத்திரையோடு அறிக்கை வந்துவிடும் என்றார். நம் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், பேச்சுக்காகத்தான், படங்களை அனுப்பினார். அறிக்கையும் வந்தது. இருபத்திரண்டு பக்கம்! அதில் பதினோராம் பக்கத்தில், "நோயாளிகளைப் படுக்கையுடன் அப்புறப்படுத்தும் பாதை திருப்திகரமாக இருக்கிறது" என்று கண்டிருந்தது. ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதியதை எங்கள் தலையில் கட்டிவிட்டார். எங்கள் கட்டடத்தில் படுக்கையோடு ஒருவரை இறக்க முடியாது என்பது போன வருஷம் பீரோ ஒன்றை ஏற்றியபோதே தெரிந்த விஷயம்.

மூன்றாமவர் தீயணைப்பு இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பீரமான மீசை. அவரைப் பார்த்தவுடனேயே கமிட்டியில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அவரே சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் காதில் ஒலிக்கிறது: "எரிகிற கட்டடத்தை எனக்குத் தெரியும் ஸார். எரியாத கட்டடத்தைப் பார்த்து, எங்கே எரியும் என்று எழுத்தில் சொல்வது வேறு படிப்பு. நான் தண்ணீர்க் குழாய், சிலிண்டர் இவற்றைப் பார்த்துச் சொல்கிறேன். மின்சார ஒயரும் ரசாயனமும் அறிந்தவரை வேறு பாருங்கள்."

இப்படிச் சொல்லும் மனிதர்கள் அபூர்வம். லண்டனில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2017 ஜூன் 14-ஆம் தேதி அதிகாலையில் கிரென்பெல் டவர் என்ற இருபத்துநான்கு அடுக்குக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். அதை விசாரித்த கமிஷனின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பர் 4-ஆம் தேதி வெளிவந்தது. வெளிச்சுவரில் போர்த்திய தகடுகளைப் பற்றியும், அவற்றை விற்ற கம்பெனிகளைப் பற்றியும் அதில் நிறைய உண்டு. ஆனால் நமக்கு வேண்டியது வேறொரு பகுதி. அந்தக் கட்டடத்தின் தீ அபாயத்தைப் பல வருஷங்களாக மதிப்பிட்டு வந்தவர் ஒருவரே. அவரும் முன்பு தீயணைப்புப் படையில் இருந்தவர்தான். அவர் தமது அனுபவத்தையும் யோக்யதாம்சங்களையும் மிகைப்படுத்திச் சொல்லியிருந்தார் என்றும், சில பட்டங்கள் அவராகவே கற்பித்துக்கொண்டவை என்றும், அவ்வளவு பெரிய கட்டடத்தை மதிப்பிடத் தகுந்த படிப்பு அவருக்கு இல்லை என்றும் கமிஷன் எழுதிற்று. பெயருக்குப் பின்னால் வரிசையாக எழுத்துக்கள் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று அமர்த்தியவர்கள் விசாரிக்கவில்லை. போன தடவை குறிப்பிட்ட குறைகள் நிவர்த்தியாயினவா என்று அவர் பல சமயங்களில் திரும்பிப் பார்க்கவில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இனிமேல் இத்தொழிலுக்கு அங்கீகாரம் பெறுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கமிஷன் சிபாரிசு செய்தது. செல்வமும் சட்டமும் மிகுந்த தேசத்திலேயே இப்படி என்றால், பெயர்ப் பலகையைப் பார்த்து மயங்கும் நாம் எம்மாத்திரம்!

நம் தேசத்திலும் விதிகள் இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற ஏஜென்ஸியார் கட்டடத்தின் தீயணைப்புச் சாதனங்களைப் பார்த்து ஜனவரியிலும் ஜூலையிலும் சான்று கொடுக்க வேண்டும். 2016-ஆம் வருஷத்துத் தேசியக் கட்டட விதித் தொகுப்பின் நான்காம் பாகம் முழுவதும் தீயைப் பற்றியதே. படித்தவர்களும் இருக்கிறார்கள். நாகபுரியில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1957 முதல் நடக்கிறது. நம் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு டிப்ளமா கொடுக்கிறார்கள். ஒருவர் இன்ன இடத்தில் படித்ததாகச் சொன்னால், அந்த இடத்துக்கு ஒரு கடிதமோ டெலிபோனோ போட்டால் உண்மை தெரிந்துவிடும். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஏழு தலைமுறையை விசாரிக்கிற நாம் இதற்குச் சோம்பல் படுகிறோம்.

நான் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். தீயைப் பற்றிப் பேச்சு வந்தால் என் மனம் கும்பகோணத்துக்குப் போகாமல் இருப்பதில்லை. 2004 ஜூலை 16-ஆம் தேதி, பள்ளி நடந்துகொண்டிருந்த காலை வேளை. சமையற்கட்டில் பிறந்த தீ கீற்றுக் கூரையைத் தொட்டது. மாடியில் இருந்த சிறு குழந்தைகளின் தலைமேல் அந்தக் கூரை விழுந்தது. 94 குழந்தைகள். இருந்தது ஒரு குறுகலான படிக்கட்டு. அந்தப் பள்ளிக்கும் காகிதங்கள் இருந்தன என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். 2014-இல் தஞ்சை நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் ஒரு கட்டடப் பொறியாளரும் இருந்தார். 2017-இல் உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனைகளில் சிலவற்றைக் குறைத்தும் சிலவற்றை நீக்கியும் தீர்ப்பளித்தது. சட்டத்தின் தராசு எப்படிச் சாய்ந்தது என்பது வக்கீல்களின் விஷயம். கையெழுத்திடுகிறவர் அந்தப் படிக்கட்டில் ஒரு முறை ஏறி இறங்கிப் பார்த்திருந்தால், சமையற்கட்டையும் கூரையையும் ஒரே பார்வையில் கண்டிருந்தால் என்பதே ஒரு வாத்தியாரின் ஏக்கம்.

அதன் பிறகு பள்ளிக்கூடங்களுக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்பு இலாகாவின் சான்று என்று நாலு காகிதங்கள் அவசியம் என்றாகிவிட்டது. 2009 ஏப்ரல் 13-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தேசம் முழுவதற்கும் இதைப் பற்றி உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் இன்ஸ்பெக்ஷன் தினத்தன்று மட்டும் சிலிண்டரைத் துடைத்து வைக்கும் பள்ளிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் அதன் முள் பச்சைக் கட்டத்தை விட்டு இறங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

ராயபுரத்துக்குத் திரும்புவோம். நாலாவதாக வந்தவர் ஒரு பெண்மணி. வயது முப்பதுக்கு மேல் இராது. பொறியியல் படித்து, தரமணியில் டிப்ளமா பெற்று, மணலிப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருஷம் பாதுகாப்பு வேலை பார்த்தவர். "இந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் முணுமுணுத்தார். மீசைக்காரரைப் போட்டால் கட்டடத்துக்கே கௌரவம் என்பது அவர் கட்சி.

நான் நாலைந்து கேள்விகள் கேட்டேன். எங்களுடையதைப் போல் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருக்கும் கட்டடம் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? அதில் ஒரு அறிக்கையை, பெயர் விலாசத்தை மறைத்துவிட்டுக் காட்ட முடியுமா? நீங்களே வருவீர்களா, ஒரு பையனை அனுப்புவீர்களா? சிலிண்டரோ ஒயரோ விற்கும் கம்பெனி எதிலாவது உங்களுக்குச் சம்பந்தம் உண்டா? அவர் பதில் சொன்னார். பழைய அறிக்கை ஒன்றையும் காட்டினார். அதன் கடைசிப் பக்கத்துத் தலைப்பு, "நான் பார்க்காதவை". பூட்டியிருந்த அறை, திறக்காத வீடு, பொய்க்கூரைக்கு மேலே ஓடும் ஒயர் என்று தாம் பார்க்க முடியாததையெல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். எனக்கு அந்தப் பக்கம் போதுமாக இருந்தது. பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுத எல்லோராலும் ஆகும்.

கூலி 12,000 ரூபாய் என்றார். பெரியவர் மறுபடியும் ஆட்சேபித்தார். அந்த வருஷம் வாசல் கதவுக்கு வர்ணம் பூச நாங்கள் கொடுத்தது 40,000 என்பதைக் கணக்குப் புத்தகத்தில் காட்டினேன். அவர் கட்சி அத்துடன் தோற்றது.

அந்தப் பெண்மணி பகலில் ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தடவை வந்தார். ராத்திரியில் எதற்கு என்று கேட்டதற்கு, "தூங்குகிற வீடும் விழித்திருக்கிற வீடும் ஒன்றா ஸார்?" என்றார். பத்தரைக்குக் காவற்காரர் மாடிப்படியின் அடியில் இருந்த இரும்புக் கதவைப் பூட்டினார். சாவி எங்கே என்று கேட்டார். "என் இடுப்பிலேதான் இருக்குதும்மா, பயப்படாதீங்க." நீர் எங்கே படுப்பீர்? "தெருவுக்கு அந்தாண்டே, டீக்கடைத் திண்ணையிலே." பதினாறு குடும்பங்களின் உயிர் தெருவுக்கு அந்தாண்டே தூங்கிக்கொண்டிருந்தது. மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டு. மாடிப்படிக்குக் கீழே மின்சார மீட்டர்கள். அவற்றின் அடியில் இரண்டு மின்சார ஸ்கூட்டர்கள் ராத்திரி முழுவதும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. 2022 மார்ச்சு மாதம் வேலூரில் இப்படிச் சார்ஜ் ஏறிய வண்டியின் தீயினால் ஒரு தகப்பனாரும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்ததை அவர் சொன்னார். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டியைக் கண்டு, "அம்மா, ராத்திரி எழுந்தால் விளக்குப் போட எத்தனை அடி நடப்பீர்கள்?" என்று கேட்டு, அதையும் குறித்துக்கொண்டார்.

கீழ்த்தளத்துக் கடைக்குள் அவர் அரை மணி நேரம் இருந்தார். ரெஸினைக் கெட்டியாக்க இரண்டு திராவகங்கள் சேர்ப்பது வழக்கம்: கோபால்ட் ஒன்று, ஹார்டனர் ஒன்று. இரண்டையும் தனித்தனியே ரெஸினில் கலப்பார்கள். நேருக்கு நேர் ஒன்றன்மேல் ஒன்று கொட்டினால் வெளியிலிருந்து தீக்குச்சியே வேண்டாம். தாமே பற்றிக்கொண்டு வெடிக்கும். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில், பக்கத்துப் பக்கத்தில், மூடி தளர்ந்த டப்பாக்களில் இருந்தன. அலமாரிக்கு அடுத்த சுவர் எங்கள் மாடிப்படி. தீ கீழே இருந்தாலும் புகை அங்கே நிற்காது, மாடிப்படி அதற்குப் புகைபோக்கி என்றார். டில்லியில் உபஹார் சினிமாவில் 1997 ஜூன் 13-ஆம் தேதி தீப்பிடித்தது கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரால். செத்த 59 பேரும் மேலே பால்கனியில் படம் பார்க்கப் போனவர்கள். அங்கே கூடுதலாகப் போட்ட நாற்காலிகள் ஒரு வழியையே அடைத்திருந்தன.

அறிக்கை ஒன்பதே பக்கம் வந்தது. ஒவ்வொரு குறைக்கும் எதிரே, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று இருந்தது. முதல் மூன்று காரியங்களுக்கு ஒரு தம்பிடி செலவில்லை. சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றுவதற்கு மட்டும் சிறிது செலவு. திருடன் பயம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. அது நியாயமான பயம்தான். வெளியிலிருந்து திறக்க முடியாத வகை தாழ்ப்பாளைக் கொல்லன் வந்து காட்டிய பிறகே சமாதானமானார்கள். ஸ்கூட்டர்கள் இப்போது காம்பவுண்டுக்கு வெளிப்பக்கம் நிற்கின்றன. மழை பெய்யும்போது அவற்றின் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

கடைக்காரரோடுதான் சிக்கல். கோபால்ட்டையும் ஹார்டனரையும் மறுநாளே காசிமேட்டுப் படகுத் துறைக்குக் கொண்டு போய்விட்டார். அவருக்கு அவற்றின் குணம் எங்களைவிட நன்றாகத் தெரியும். ரெஸின் டிரம்களை எடுக்க மாட்டேன் என்கிறார். முப்பது வருஷமாக இங்கே வியாபாரம். மூன்று பிள்ளைகளை இதில்தான் படிக்க வைத்தேன் என்கிறார். இரண்டு பேர் என் மாணவர்கள். அறிக்கையை அவரிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். வேறு கிடங்கு பார்க்கத் தை மாதம் வரையில் தவணை கொடுப்பதா, உடனே எடுக்கச் சொல்வதா என்று சங்கத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. அதுவரையில் ஒரே நேரத்தில் இரண்டு டிரம்முக்கு மேல் வைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நானே தினமும் எண்ணுகிறேன்.

1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிரை விட்டார்கள். அந்த நாளையொட்டி வருஷந்தோறும் தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறார்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தார் அந்த வாரத்தில் எங்கள் கட்டடத்துக்கு வந்து, சிலிண்டரின் ஊசியை எப்படிப் பிடுங்குவது, புகையில் எப்படித் தவழ்வது என்று குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமென்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மீசைக்காரப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்மணி ஆறு மாதம் கழித்துத் தம் குறிப்பேட்டுடன் மறுபடி வந்து, சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்ப்பார். அதற்குக் கூலி தனி. 3,000 ரூபாய் ஒதுக்கி வைத்தாயிற்று.